தூங்குமூஞ்சி பிளேடின் பக்கம்

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். பிளேடைப் பற்றிப் பேச வந்தவன் பிளேடு போடக் கூடாது, நேராக விஷயத்துக்கு வருகிறேன். மேசைப்பந்து மட்டையில் இரு பக்கமும் ரப்பர் ஒட்டுவார்களே, அந்த ரப்பருக்கு உள்ளே இருக்கும் உடல்தான் பிளேடு. தடுத்து ஆடுபவர் கையில் இருக்க வேண்டியது பந்தை மெதுவாக அனுப்பும் மரப் பிளேடா, மரத்தோடு கார்பன் இழை சேர்த்த வேகமான கார்பன் பிளேடா? இதுதான் தலைப்பு. நாங்கள் மரத்தின் பக்கம்.

எதிரணி நண்பர் என்னென்னவோ சொன்னார். எனக்குக் காதில் நின்றது ஒன்றுதான். உங்களுக்கும் அதுதான் நின்றிருக்கும், அதற்குத்தானே கைதட்டினீர்கள்! மெதுவான பிளேடு ஒரு "தூங்குமூஞ்சி பிளேடு" என்றார். தூங்குமூஞ்சி!

யார் ஐயா தூங்கினார்கள்? 1936, பிராக் நகரம், உலகச் சாம்பியன்ஷிப். ஒரு பக்கம் போலந்தின் எர்லிக், மறுபக்கம் ருமேனியாவின் பனெத். இரண்டு பேருமே தடுப்பதில் மன்னர்கள். முதல் புள்ளி தொடங்குகிறது. பந்து போகிறது, வருகிறது. போகிறது, வருகிறது. பத்து நிமிடம் ஆயிற்று, புள்ளி விழவில்லை. அரை மணி ஆயிற்று, விழவில்லை. ஒரு மணி நேரம் ஆயிற்று. பார்க்க வந்தவர்கள் வெளியே போய்க் காற்று வாங்கிவிட்டுத் திரும்பி வந்தாலும் அதே பந்து, அதே புள்ளி. இரண்டு மணி நேரம் தாண்டியும் பலகையில் 0-0!

பின்வரிசைக்குச் சரியாகக் கேட்டிருக்காது, மறுபடி சொல்கிறேன். ஒரு போட்டி இல்லை. ஒரு செட் கூட இல்லை. ஒரே ஒரு புள்ளி, இரண்டு மணி நேரத்துக்கு மேல். இடமும் வலமும் பார்த்துப் பார்த்து அந்த நடுவருக்குக் கழுத்தே பிடித்துக்கொண்டதாம், வேறு ஆளைக் கொண்டுவந்து உட்கார வைத்தார்களாம். நம் நடுவர் பயப்பட வேண்டாம், எனக்குத் தந்திருப்பது சில நிமிடங்கள்தான்.

இப்போது சொல்லுங்கள். அந்த இரண்டு பேரில் ஒருவர் ஒரு நொடி கண் அசந்திருந்தால் புள்ளி போயிருக்காதா? கூட்டம் தூங்கியிருக்கலாம், நடுவர் தூங்கியிருக்கலாம், தடுத்தவன் தூங்கவில்லை! இவர்களை இப்படியே விட்டால் விடிந்துவிடும் என்றுதான் பிறகு விதியே போட்டார்கள். இன்றைக்கு ஒரு செட் 10 நிமிடம் ஓடியும் இருவருமாக 18 புள்ளி எடுக்கவில்லை என்றால் விரைவு முறை வந்துவிடும். அதில் சர்வீஸை எதிர்கொள்பவர் 13 முறை பந்தைத் திருப்பிவிட்டால் புள்ளி அவருக்கு. 13 முறை திருப்புவது யாருக்குக் கைவந்த கலை? தூங்குமூஞ்சிக்கு!

அந்தக் காலத்து பேட்டில் ஸ்பாஞ்சே கிடையாது என்று எதிரணி முணுமுணுக்கிறது. சரி, இந்தக் காலத்துக்கே வருவோம். தடுப்பாட்டக்காரர் மேசையை விட்டுப் பல அடி பின்னால் நிற்கிறார். எதிராளி பந்து முன்னோக்கிச் சுழலும்படி, டாப்ஸ்பின்னாக வெளுக்கிறார். இவர் தோளிலிருந்து முழங்கால் வரை கையை வீசிப் பந்தின் அடியைச் சீவி அனுப்ப வேண்டும். கை எவ்வளவு வேகமாக இறங்குகிறதோ அவ்வளவு பேக்ஸ்பின், அதாவது பின்னோக்கிய சுழல். வேகமான பிளேடை வைத்துக்கொண்டு அப்படி வீசினால் 2.74 மீட்டர் மேசை போதாது, பந்து பின்சுவருக்குப் போகும். அதற்குப் பயந்து கையைச் சுருக்குவார். சுருக்கினால் சுழல் செத்தது. மெதுவான பிளேடுதான் முழுக் கையையும் வீச விடும். கை வேகமாக இறங்க வேண்டுமா, பிளேடு மெதுவாக இருக்க வேண்டும்!

எனவே ஐந்து அடுக்கு மரம், வெளி அடுக்கு லிம்பா மரம் மாதிரி மென்மையாக, மெலிதாக, கொஞ்சம் வளைந்து கொடுப்பதாகப் பாருங்கள். வழக்கமான 157-க்கு 150 மில்லிமீட்டரை விடத் தலை சற்று அகலமாக இருந்தால் நல்லது. ரொம்ப அகலமானால் இரண்டு ரப்பரும் ஒட்டிய பிறகு மணிக்கட்டு திட்டும்.

2000-இல் பந்து 38-லிருந்து 40 மில்லிமீட்டராகப் பெருத்தது, 2014-இல் பிளாஸ்டிக் ஆனது, சுழல் குறைந்தது, இனி தடுப்பவரும் அடித்தே ஆக வேண்டும் என்றார் நண்பர். நியாயம்தான். அதற்குத்தான் ரப்பர் இருக்கிறதே! ஃபோர்ஹேண்டில் வேகமான ரப்பர், பேக்ஹேண்டில் நீளமான புடைப்புகள் வெளியே தெரியும் நீளப் பிம்பிள் ரப்பர், நடுவில் எங்கள் மரம். தென் கொரியாவின் ஜூ செ-ஹ்யுக் 2003-இல் பாரிஸில் சீனாவின் மா லின்னை வெளியேற்றி உலகச் சாம்பியன்ஷிப் இறுதிவரை போனார். தடுத்தும் ஆடினார், இடையில் பாய்ந்து வெளுக்கவும் வெளுத்தார். அவர் பெயரில் வந்த பிளேடு ஐந்தடுக்கு, அத்தனையும் மரம். அப்புறம் இந்தக் கார்பன்! விதிப்படி பிளேடின் தடிமனில் குறைந்தது 85 சதவீதம் இயற்கை மரமாக இருக்க வேண்டும். எதிரணி தூக்கிப் பிடிக்கும் பிளேடே பெரும்பாலும் எங்கள் கட்சி!

மணி அடித்துவிட்டீர்கள், முடித்துக்கொள்கிறேன். எந்தப் பயிற்சிக் கூடத்துக்குப் போனாலும் ஒருவர் இருப்பார். நாளைக்குச் சாம்பியன் ஆகப் போகிற பிள்ளை அடிக்க அடிக்க, பின்னால் நின்று திருப்பிக் கொடுத்துக்கொண்டே இருப்பார். பிள்ளை சோர்ந்தால், "இன்னும் ஒரு பந்து, வா" என்பார். கோப்பையோடு படம் எடுக்கும்போது அவர் படத்தில் இருக்க மாட்டார், கீழே கிடக்கும் பந்துகளைப் பொறுக்கிக்கொண்டிருப்பார். ரப்பர் எத்தனையோ மாற்றியிருப்பார், மரத்தை மாற்றியிருக்க மாட்டார். வியர்வை குடித்துக் குடித்துக் கைப்பிடி கறுத்துப் போயிருக்கும். அவர் முகத்தைப் பார்த்து, "உங்கள் பிளேடு தூங்குமூஞ்சி" என்று சொல்ல நண்பருக்கு மனம் வருமா? வராது, அவரும் அப்படி ஒருவரிடம் ஆடி வளர்ந்தவர்தான். நடுவர் அவர்களே, எங்களுக்காக வேண்டாம், அந்த மனிதருக்காகத் தீர்ப்புச் சொல்லுங்கள். வணக்கம்.