திருகோணமலைக் கடற்படைத் தளமும் நம் மலைநாடும்

(தலவாக்கலையில் ஆசிரியர்களும் உயர்தர மாணவர்களும் கூடிய அவையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெரியோர்களே, ஆசிரியர்களே, மாணவச் செல்வங்களே, வணக்கம்.

கடல் கண்ணுக்கே தெரியாத ஊரில் கடற்படைத் தளத்தைப் பற்றி என்ன பேச்சு என்று சிலர் நினைக்கலாம். இந்த ஊரைத் தொட்டு ஓடும் கொத்மலை ஓயா மகாவலியில் சேர்கிறது. மகாவலி கடலில் கலக்கும் இடம் திருகோணமலையின் கொட்டியாரக் குடா. நம் தண்ணீர் போய்ச் சேரும் ஊரின் கதை நமக்கும் சொந்தம்தான்.

தளம் என்றதும் பீரங்கிக் கப்பல்கள்தான் நினைவுக்கு வரும். ஆனால் ஒரு கப்பல் எத்தனை நாள் கடலில் நிற்க முடியும்? எண்ணெய் தீரும், குடிதண்ணீர் தீரும், சாப்பாடு தீரும். அடிப்பாகத்தில் பாசியும் சிப்பியும் ஒட்டி வேகம் குறையும். இதையெல்லாம் சரிசெய்து மறுபடி அனுப்பும் இடம்தான் தளம். அங்கே சுடுகிறவர்களைவிடப் பற்றவைப்பவர்களும், குழாய் பூட்டுகிறவர்களும், களஞ்சியக் கணக்கு எழுதுகிறவர்களும்தான் முக்கியம்.

திருகோணமலைக்கு ஏன் இத்தனை போட்டி? வாடைக்காற்று வீசும் மாதங்களில் சோழமண்டலக் கரையில் பாய்க்கப்பல்கள் ஒதுங்க இடமில்லை. இங்கோ சுற்றிலும் குன்றுகள், கரைவரை ஆழம். 1782 ஜனவரியில் ஆங்கிலேயர் ஒல்லாந்தரிடமிருந்து பிடித்தார்கள்; அதே ஆண்டு ஆகஸ்டில் பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரென் பிடித்தார். 1795-இல் மீண்டும் ஆங்கிலேயர் கைக்கு வந்து, பிறகு ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் அவர்களிடமே இருந்தது.

கப்பல்கள் நிலக்கரியை விட்டு எண்ணெய்க்கு மாறியதும் திருகோணமலையின் சீனக்குடாவில் காட்டுக்குள் பிரமாண்டமான எண்ணெய்க் குதங்களைக் கட்டினார்கள். ஒவ்வொன்றும் சுமார் 12,000 கிலோலீட்டர் கொள்ளும். இன்றும் 99 நிற்கின்றன.

இரண்டாம் உலகப் போரில், 1942 பெப்ரவரியில், சிங்கப்பூர் ஜப்பானிடம் விழுந்தது. ஏப்ரல் 9-ஆம் தேதி ஜப்பானிய விமானங்கள் திருகோணமலைக்கு வந்தன. எச்சரிக்கை கிடைத்து முதல் நாள் இரவே கப்பல்களை வெளியே அனுப்பியிருந்தார்கள். அப்படிப் போன ஹெர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக்கு அப்பால் மாட்டிக்கொண்டது. விமானந்தாங்கிதான், ஆனால் அன்று அதில் ஒரு போர் விமானம்கூட இல்லை. 300-க்கும் மேற்பட்டோர் அதோடு மாண்டார்கள். எவ்வளவு நல்ல துறைமுகமாக இருந்தாலும், மேலே வானத்தைக் காக்க ஆளில்லாவிட்டால் அது பொறிதான். தாக்குதலுக்குப் பிறகு பிரிட்டிஷ் கப்பல்களில் பெரும்பகுதி ஆபிரிக்கக் கரைக்குப் பின்வாங்கியது.

அந்த அடி நம் தோட்டங்கள்வரை எட்டியது. லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், சோறு பெரும்பாலும் பர்மா அரிசிதான். பர்மாவும் ஜப்பானிடம் போக, அரிசிக் கப்பல் நின்றது; பங்கீட்டில் கோதுமை மா வந்தது. அதே நேரம் ஜாவா, சுமத்திராத் தேயிலையும் ஜப்பான் கைக்குப் போய்விட்டது. ஆளுக்கு வாரம் இரண்டு அவுன்ஸ் என்று 1940-லேயே தேயிலையைப் பங்கிட்டுக்கொண்டிருந்த பிரிட்டனுக்கு இந்தியாவும் இலங்கையும்தான் கதி. மாவைத் தின்று கொழுந்து பறித்தார்கள் நம் பாட்டிமார். எந்தப் போர் வரலாற்றிலும் அவர்களுக்கு ஒரு பக்கம் ஒதுக்கப்படவில்லை என்பது எனக்குப் பெரிய குறை.

1944 ஏப்ரலில் நேச நாட்டுத் தளபதி மவுண்ட்பேட்டன் தென்கிழக்காசியப் படைத் தலைமையகத்தைக் கண்டிக்கு அருகே பேராதனைப் பூங்காவுக்குக் கொண்டுவந்தார். அதே மாதம் திருகோணமலையிலிருந்து புறப்பட்ட கப்பற்படை சுமத்திராவின் சபாங் துறைமுகத்தைத் தாக்கியது. கட்டளை மலையில், கப்பல் கடலில்.

தளத்தின் வேலை எவ்வளவு நுணுக்கமானது என்பதற்கு ஒரு சம்பவம் சொல்கிறேன். அங்கே ஒரு மிதக்கும் கப்பல்துறை இருந்தது. அதன் அறைகளில் தண்ணீரை நிரப்பினால் அமிழும். கப்பல் உள்ளே நுழைந்ததும் தண்ணீரை இறைத்தால், கப்பலைத் தூக்கிக்கொண்டு மேலே வரும். எந்த அறையை எப்போது நிரப்புவது, எப்போது காலியாக்குவது என்ற வரிசைதான் எல்லாம். 1944 ஆகஸ்ட் 8-ஆம் தேதி 30,000 தொன்னுக்கு மேற்பட்ட வேலியன்ட் என்ற போர்க்கப்பலைத் தூக்கியபோது அந்த வரிசை பிசகியது. பாரம் தாங்காமல் துறையின் முதுகு முறிந்து அது மூழ்கியது. கப்பல் தப்பியது, ஆனால் சுக்கானும் கப்பலைத் தள்ளும் விசிறிகளும் சேதமாயின. எதிரி ஒரு குண்டுகூடப் போடவில்லை.

அப்புறம் சுதந்திரம் வந்தது. அதற்கு முன்பே, 1947 நவம்பரில், பாதுகாப்பு ஒப்பந்தம் போட்டுத் தளத்தைத் தக்கவைத்துக்கொண்டது பிரிட்டன். 1948-இல் வந்த பிரசாவுரிமைச் சட்டத்தால் நம் மலையகத் தமிழ் மக்கள் குடியுரிமை இழந்தார்கள். எண்ணெய்க் குதத்துக்கு எதிர்காலம் எழுதிவைத்தவர்கள், கொழுந்துக் கூடை சுமந்தவளுக்கு எழுதவில்லை. இதைச் சொல்லாமல் இந்தத் தளத்தின் கதையைச் சொல்ல என்னால் முடியாது.

1957 அக்டோபர் 15-ஆம் தேதி, பண்டாரநாயக்கா ஆட்சியில், தளம் இலங்கையிடம் வந்தது. இன்று கிழக்குக் கடற்படைக் கட்டளையகமும் கடற்படைப் பயிற்சிக் கல்லூரியும் அங்கே இயங்குகின்றன. 99 குதங்களில் 24 இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு, 14 இந்திய எண்ணெய் நிறுவனத்தின் இலங்கைக் கிளைக்கு, 61 இரண்டும் சேர்ந்த கூட்டு நிறுவனத்துக்கு என்று 2022 ஜனவரியில் பிரித்திருக்கிறார்கள்.

பாடசாலைச் சுற்றுலா என்றால் கோணேஸ்வரம், கன்னியா வெந்நீரூற்று, நிலாவெளி என்று பார்த்துவிட்டுத் திரும்புகிறோம். ஆசிரியர்களிடம் ஒன்று கேட்கிறேன்: அடுத்த முறை சீனக்குடாப் பக்கமும் வண்டியை விடச் சொல்லுங்கள். குதங்களைத் தெருவிலிருந்து காட்டி, 1942-ஐ அங்கே வைத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். சரி, இனி உங்கள் கேள்விகளுக்கு வருகிறேன்.