துளிக்குள் ஒரு சமையலறை

நேயர்களுக்கு வணக்கம்.

ரசத்தின் மேல் எண்ணெய்ப் பொட்டுகள் மிதப்பதை அன்றாடம் பார்க்கிறோம். எண்ணெயே இல்லாமலும் நீருக்குள் துளிகள் திரளும் என்பது தெரியுமா? நேர்மின்சுமை கொண்ட ஒரு பொருளின் கரைசலையும் எதிர்மின்சுமை கொண்ட இன்னொன்றின் கரைசலையும் சரியான அளவில் கலந்தால், தெளிந்த நீர் பால்போல் கலங்கும். நுண்ணோக்கியில் பார்த்தால் அத்தனையும் குட்டிக் குட்டி உருண்டைகள். இவற்றுக்குக் கோஅசர்வேட் என்று பெயர். உயிரே இப்படிப்பட்ட துளிகளில்தான் தொடங்கியிருக்கும் என்று ரஷ்ய அறிஞர் ஒபாரின் கருதினார்.

இங்கிலாந்தில் பிரிஸ்டல் பல்கலைக்கழக வேதியியல் பேராசிரியர் ஸ்டீஃபன் மானின் குழு இந்தத் துளிகளிலிருந்து செயற்கைச் செல் கட்ட முயல்கிறது. துளிக்கு உறை கிடையாது. பக்கத்துத் துளியைத் தொட்டால் இரண்டும் ஒன்றாகிவிடும். உள்ளே வேலை செய்ய ஆளும் இல்லை. ஒரு செல்லுக்கு வேண்டிய ஆயிரக்கணக்கான பொருள்களை ஒவ்வொன்றாகச் செய்து உள்ளே வைப்பது ஆகிற காரியமா?

2022இல் அவர்கள் வெளியிட்ட வழி என்னை அசர வைத்தது. இரண்டு வகை பாக்டீரியாக்களைத் துளிகளோடு கலந்தார்கள். ஈ. கோலை துளிக்குள் புகுந்துகொண்டது, சூடோமோனாஸ் மேற்பரப்பில் ஒட்டிக்கொண்டது. அப்புறம் இரண்டையும் உடைத்தார்கள். உடைக்கப் பயன்பட்டவை லைசோசைமும் மெலிட்டினும். முதலாவது முட்டையின் வெள்ளைக்கருவில் இருப்பது, இரண்டாவது தேனீயின் நஞ்சில் இருப்பது. உடைந்த சவ்வுகள் துளியைச் சுற்றி உறையாகப் படிந்தன. நொதிகளும் மரபுப்பொருளும் உள்ளேயே தங்கின.

சமையலறையை அப்படியே பெயர்த்துக் கொண்டுவந்தது போல! செத்த பாக்டீரியாவின் சரக்கு அந்தத் துளிக்குள் சர்க்கரையிலிருந்து ஏடிபி செய்தது, மரபணுவைப் படித்துப் புரதமும் செய்தது. ஏடிபிதான் செல்லின் எரிபொருள்.

உயிரைப் படைத்துவிட்டார்களா என்று கேட்பீர்கள். இல்லை. இந்தத் துளி தானாகப் பிரிந்து பெருகுவதில்லை. ஆனாலும் அவர்கள் அதோடு நிற்கவில்லை. செல்லுக்கு எலும்புக்கூடு போல் இருக்கும் ஆக்டின் இழைகளை உள்ளே வளர்த்தார்கள். எரிபொருள் தீராமலிருக்க உயிருள்ள ஈ. கோலையையும் குடிவைத்தார்கள். உருண்டையாக இருந்த துளி மெல்ல மெல்ல வடிவம் மாறி, அமீபாவைப் போல் கோணல்மாணலாக நீண்டது.