பழைய படத்தில் நர்ஸ்கள் ஏன் ஓடுகிறார்கள்?

கோத்தகிரியிலிருந்து ஒரு தங்கை கேட்டிருக்கிறார்: "வெள்ளைக்காரர் காலத்து ஊமைப் படங்களில் ஆஸ்பத்திரி நர்ஸ்கள் ஏன் ஓடிக்கொண்டே இருக்கிறார்கள்? நம்ம மலைப் பெண்கள் யாரையும் அதில் காணோமே?"

ஓட்டத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். 16 மி.மீ. அகல ஃபிலிம் போடும் கேமரா 1923இல் வந்தது. அதில் ஊமைப் படங்களைப் பெரும்பாலும் வினாடிக்கு 16 ஃபிரேம், அதாவது 16 தனிப் படங்கள், கணக்கில் எடுத்தார்கள். பிற்பாடு 24 ஃபிரேம் வேகத்தில் ஓட்டினால் ஒரு நிமிடக் காட்சி 40 வினாடியில் முடிந்துவிடும். அவர்கள் நடந்துதான் போனார்கள்.

இரண்டாவது கேள்விதான் எனக்கு முக்கியம். அந்தக் கால ஃபிலிமுக்கு நல்ல வெயில் வேண்டும். ஊட்டி, குன்னூர் மேகமூட்டத்தில் வார்டுக்குள் என்ன வெளிச்சம் இருக்கும்? அதனால் தொப்பி போட்ட நர்ஸ்களைப் புல்தரையில் வரிசையாக நிறுத்தி எடுப்பதுதான் சுலபம். ராத்திரி டியூட்டி, பிரசவம், புண் கழுவுவது, மலச்சட்டி எடுப்பது எல்லாம் உள்ளே நடந்த வேலை. அதைச் செய்த ஆயாக்களும் உள்ளேயே நின்றுவிட்டார்கள். இந்தப் படங்களைப் பார்க்கும்போது நடுவில் நிற்பவரை விட்டுவிட்டு, வராந்தா ஓரத்தைப் பாருங்கள்.

சென்னைப் பொது மருத்துவமனையில் 1871இலேயே நர்ஸிங் பள்ளி தொடங்கியது. ஆனால் கண்டவர் உடம்பையும் தொடும் வேலை என்று சொல்லிப் பல குடும்பங்கள் பெண்களை அனுப்பவில்லை. ஐரோப்பிய, ஆங்கிலோ இந்திய, கிறிஸ்தவப் பெண்களே நெடுங்காலம் அதிகம் சேர்ந்தார்கள். மலைக் கிராமங்களில் பிரசவம் பார்த்தது மருத்துவச்சிப் பாட்டிகள். எத்தனை உயிரை அவர்கள் கையில் ஏந்தியிருப்பார்கள்! அவர்களை எந்தக் கேமராவும் தேடிப் போகவில்லை என்பது எனக்குப் பெரிய வருத்தம்.

அப்புறம் நம்ம நீலகிரியின் கூடலூர். 1990இல் அங்கே ஆதிவாசி மருத்துவமனை வந்தபோது, ஆதிவாசிப் பெண்களுக்கே பயிற்சி கொடுத்து நர்ஸ்களாக்கினார்கள். நீலகிரிப் பழங்குடி மக்களிடம் சிக்கிள் செல் சோகை இருப்பது 1952இலேயே தெரியவந்தது. ரத்தச் சிவப்பணுக்கள் அரிவாள் மாதிரி வளைந்துபோகும், வாழ்நாள் முழுக்கக் கூடவே வரும் பரம்பரை நோய் அது. வலி எங்கே, மாத்திரை போட்டாயா என்று அங்குள்ள பழங்குடிகளில் ஒன்றான பணியரின் மொழியில் கேட்கிற ஒருத்தி வார்டில் இருந்தால், அந்த நோயாளி அடுத்த முறையும் தயங்காமல் வருவார்.

தங்கை, உங்கள் ஊரில் வயதான ஆயாவோ மருத்துவச்சியோ இருந்தால் செல்போனிலேயே பேசவைத்துப் பதிவு செய்யுங்கள். யாரிடம் கற்றார்கள், கூலி என்ன, ராத்திரி விளக்குக்கு என்ன செய்தார்கள் என்று கேளுங்கள். ஊர்ப் பெயரையும் வருஷத்தையும் கட்டாயம் சொல்லவையுங்கள்.