ஒரே பெயர், வேறு வேறு பலம்

நேயர்களுக்கு வணக்கம். சிங்கிள் ஆக்‌ஷன் ரிவால்வரை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள், கௌபாய் படங்களிலாவது. சுடுகிறவர் கட்டைவிரலால் பின்பக்கத்துச் சுத்தியலை இழுத்து நிறுத்துவார், அப்புறம் விசையை அழுத்துவார். ஒவ்வொரு முறையும் அப்படித்தான் இழுக்க வேண்டும். விசைக்கு உள்ள ஒரே வேலை, இழுத்து வைத்த சுத்தியலை விடுவிப்பது. அந்த ஒரே வேலையால்தான் இந்தப் பெயர் வந்தது.

இந்தத் துப்பாக்கிகளைப் பல வருஷங்களாகச் சுட்டும் பழுதுபார்த்தும் வருகிறேன். புதிதாக வாங்க வருகிறவர்கள் என்னிடம் குழல் எத்தனை அங்குலம், கைப்பிடி மரமா கொம்பா என்றுதான் முதலில் கேட்பார்கள். நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: எந்தத் தோட்டாவை, எவ்வளவு பலமாகச் சுடப்போகிறீர்கள்? அது தெரிந்துவிட்டால் சட்டகத்தின், அதாவது எல்லாப் பாகங்களையும் தாங்கும் உடம்பின், அளவு தானாக முடிவாகிவிடும். துப்பாக்கியை வாங்கிவிட்டு அப்புறம் தோட்டாவை யோசிப்பது, காலை அளக்காமல் செருப்பு வாங்குவது மாதிரி. செருப்பு கடித்தால் மாற்றிக்கொள்ளலாம், இங்கே அப்படி முடியாது.

கதை 1873-இல் தொடங்குகிறது. அமெரிக்க ராணுவத்துக்காக கோல்ட் நிறுவனம் செய்த சிங்கிள் ஆக்‌ஷன் ஆர்மி, அதற்கென்று வந்த 45 கோல்ட் தோட்டா. ஆரம்பத்தில் அதில் 40 கிரெயின் கருமருந்து, 255 கிரெயின் ஈயக்குண்டு. கிராமில் சொன்னால் மருந்து இரண்டரை கிராமுக்குச் சற்று மேல், குண்டு பதினாறரை கிராம். கருமருந்து நிறைய இடம் பிடிக்கும், அதனால்தான் அந்தப் பித்தளைக் கூடு அவ்வளவு நீளம். பின்னால் புகையற்ற மருந்து வந்தது. கொஞ்சமாகப் போட்டாலே அதே வேகம் கிடைத்தது. கூடு மட்டும் பழைய அளவிலேயே நின்றுவிட்டது. உள்ளே ஏகப்பட்ட காலியிடம். இன்னும் கொஞ்சம் போட்டால் என்ன என்று கை அரிக்கத் தொடங்கியது அங்கேதான்.

இப்போது சில எண்கள். ஒரு கார் டயரில் சதுர அங்குலத்துக்கு முப்பது பவுண்டு சொச்சம் காற்றழுத்தம் இருக்கும். 45 கோல்ட் தோட்டாவுக்கு அமெரிக்கத் தொழில்துறை வைத்திருக்கும் உச்ச அழுத்தம் 14,000 பவுண்டு. 357 மேக்னம் என்ற தோட்டாவுக்கு 35,000. 44 மேக்னத்துக்கு 36,000. கவனித்தீர்களா? இவை அங்குலக் கணக்கு: 0.45-ஐவிட 0.357 சின்ன எண், சின்னக் குண்டு. ஆனால் அழுத்தம் இரண்டரை மடங்கு. பெயரில் இருக்கும் எண் ஏறக்குறைய விட்டத்தைத்தான் சொல்கிறது, பலத்தைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை. இதைத் திரும்பத் திரும்பச் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்படியானால் ஒரே அளவுச் சட்டகத்தில் 357-உம் 45-உம் எப்படி விற்கிறார்கள்? சிலிண்டர் என்பது ஆறு துளை போட்ட ஓர் உருட்டு எஃகு, ஒவ்வொரு துளையும் ஒரு தோட்டா உட்காரும் அறை. துளை சிறிதானால் மிச்சமிருக்கும் எஃகு அதிகம், சுவர் தடிமன். துளை பெரிதானால் சுவர் மெலியும். அதனால்தான் ஒரே அளவு ரிவால்வர்கள் இரண்டைக் கையில் எடுத்தால் 357 சற்றுக் கூடுதலாகக் கனக்கும். இன்னொன்று: சிலிண்டரின் வெளிப்பக்கத்தில், அது நகராமல் பூட்டிக்கொள்ள ஆறு வெட்டுகள் இருக்கும். கோல்ட் அமைப்பில் அந்த வெட்டு நேராகத் துளைக்கு மேலேயே விழுகிறது. ஏற்கெனவே மெல்லிய சுவரில் மேலும் ஒரு பள்ளம். முழு ரிவால்வரிலும் பலவீனமான இடம் அதுதான்.

அந்த இடத்தை நான் நகத்தால் தொட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்ல வேண்டும். நண்பர் ஒருவர் பழைய ரிவால்வர் ஒன்று வாங்கியிருந்தார். கோல்ட் அளவிலேயே செய்த நகல், 45 கோல்ட். கூடவே, யாரோ வீட்டில் மருந்து நிரப்பிய ஐம்பது தோட்டாக்கள் ஒரு பெட்டியில். மூடியின் மேல் பென்சிலில் ‘45’ என்று மட்டும் எழுதியிருந்தது. மருந்தின் பெயர் இல்லை, அளவு இல்லை, தேதி இல்லை. விற்றவர், எல்லாம் ஒன்றுதான் என்று சொல்லிவிட்டாராம். சுடுதளத்தில் நான் பக்கத்தில் நின்றேன். முதல் வெடியே காதை மூடியிருந்தும் வேறு மாதிரி கேட்டது. 45 கோல்ட் இயல்பாக ‘தொம்’ என்று கனமாக ஒலிக்கும், இது ‘படீர்’ என்றது. குழல் நெற்றிவரை எழும்பியது. நிறுத்துங்கள் என்று நான் வாயெடுப்பதற்குள் இரண்டாவதையும் சுட்டுவிட்டார்.

வாங்கிப் பார்த்தேன். பக்கத்துச் சிறு கதவைத் திறந்து, தள்ளுகோலால் கூட்டைத் தள்ளினேன். சாதாரணமாக லேசாகத் தட்டினாலே காலிக்கூடு கீழே விழுந்துவிடும். இது அசையவில்லை. சிலிண்டரைக் கழற்றி, மரக்குச்சி வைத்துத் தட்டித்தான் எடுத்தோம். அப்புறம் சிலிண்டரைத் துடைத்துவிட்டு வெளிப்பக்கம் நகத்தை ஓட்டினேன். நான்கு வெட்டுகளில் அடி வழவழப்பாக இருந்தது. இரண்டில் மட்டும் கடுகளவு மேடு. சரியாக அந்த இரண்டு அறைகளுக்கு மேலே. எஃகு உள்ளிருந்து பிதுங்கியிருந்தது. மூன்றாவது தோட்டா என்ன செய்திருக்கும் என்று இன்றுவரை யோசிக்கிறேன். நண்பருக்குப் பத்து விரலும் இருக்கின்றன. சிலிண்டர் குப்பைக்குப் போனது, பெட்டியில் மிச்சமிருந்த 48 தோட்டாக்களையும் பிரித்து அழித்தோம்.

இது ஒன்றும் புதுக்கதை இல்லை. 1920-களில் எல்மர் கீத் என்ற மாட்டுப்பண்ணைக்காரர், பின்னாளில் பெரிய துப்பாக்கி எழுத்தாளர், 45 கோல்ட்டில் மருந்தை ஏற்றிச் சுட்டு சிலிண்டரையே வெடிக்கவைத்தார். அதன் பிறகு 44 ஸ்பெஷல் என்ற தோட்டாவுக்கு மாறினார். காரணம் நாம் பேசியதுதான்: துளை சிறிது, சுவர் தடிமன். அவருடைய வேலையின் தொடர்ச்சியாகத்தான் 1950-களின் நடுவில் 44 மேக்னம் வந்தது. அதே சமயத்தில், 1955-இல், ரூகர் நிறுவனம் பிளாக்ஹாக் என்ற ரிவால்வரை 357-க்காக கோல்ட் அளவில் செய்தது. அடுத்து 44 மேக்னத்துக்கு வந்தபோது சட்டகத்தையும் சிலிண்டரையும் பெரிதாக்கினார்கள்.

குழப்பமும் இங்கிருந்துதான். அந்தப் பெரிய சட்டகத்தில் ரூகர் 45 கோல்ட் தோட்டாவுக்கான ரிவால்வரும் செய்தது. அது தாங்கும் என்பதால், மருந்து நிரப்பும் கையேடுகளில் 45 கோல்ட்டுக்குத் தனியாக ஒரு பகுதி வந்தது: ‘ரூகருக்கு மட்டும்’ என்ற தலைப்பில் பலமான அளவுகள். 1993-இல் வந்த ரூகரின் வகேரோ ரிவால்வரும் பெரிய சட்டகம்தான். சரி, 2005-இல் நியூ வகேரோ வந்தது. அதன் சட்டகம் கோல்ட் அளவுக்குச் சுருக்கப்பட்டது. அதுவும் ரூகர்தான், அதுவும் 45 கோல்ட்தான். ஆனால் கையேட்டின் அந்தப் பகுதி அதற்குப் பொருந்தாது. பெயரில் ‘நியூ’ என்ற ஒரு சொல்தான் வித்தியாசம். கடையில் பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தால் பழகிய கண்ணுக்குத்தான் தெரியும். நீங்கள் வாங்கும்போது தயவுசெய்து கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

என் அபிப்பிராயம் இது. காகித இலக்கிலும் இரும்புத் தகட்டிலும் சுடுகிறவருக்கு கோல்ட் அளவு நடுத்தரச் சட்டகமும், கடையில் விற்கும் சாதாரண 45 கோல்ட்டோ 44 ஸ்பெஷலோ போதும். கைக்கு அடக்கம், நாள் முழுக்கச் சுட்டாலும் மணிக்கட்டு வலிக்காது. 357 வாங்கினால் அதில் 38 ஸ்பெஷல் தோட்டாவையும் சுடலாம், செலவு குறையும். கரடி உள்ள காட்டில் நடக்கிறவர், மான் வேட்டைக்குப் போகிறவர், இவர்களுக்குப் பெரிய சட்டகம். அதற்கும் மேலே 454 கசுல் என்ற தோட்டா இருக்கிறது, அழுத்தம் 65,000 பவுண்டு. அதற்கென்று ஃப்ரீடம் ஆர்ம்ஸ் நிறுவனம் செய்த ரிவால்வரில் ஐந்தே அறைகள். ஐந்து என்பதால் பூட்டு வெட்டுகள் அறைகளுக்கு நடுவே, தடித்த எஃகில் விழுகின்றன. எனக்கு மிகவும் பிடித்த வேலைப்பாடு அது.

நேரம் முடிகிறது என்று கண்ணாடிக்கு அப்பால் இருந்து சைகை வருகிறது. கைப்பிடியைப் பற்றி விரிவாகப் பேச நினைத்திருந்தேன், முடியாது. ஒன்று மட்டும்: பலமான தோட்டாவில் விசைக்காப்பின், அதாவது விசையைச் சுற்றியுள்ள வளையத்தின், பின்பக்கம் நடுவிரல் முட்டியில் வந்து இடிக்கும். வாங்குவதற்கு முன் ஆறு தோட்டா சுட்டுப் பாருங்கள், முட்டி சொல்லிவிடும். இன்னொன்று: லேசான துப்பாக்கியில் பலமான தோட்டா சுட்டால், உதைப்பில் மற்ற அறைகளில் உள்ள குண்டுகள் கூட்டிலிருந்து முன்னால் நழுவி, சிலிண்டரைச் சுழல விடாமல் பூட்டிவிடும்.

கடைசியாக, 1973-க்கு முந்தைய ரூகரோ, எந்தக் காலத்துக் கோல்ட்டோ வைத்திருப்பவர்களுக்கு. சுத்தியல் தோட்டாவின் மேலேயே உட்கார்ந்திருக்கும், கீழே விழுந்தால் வெடிக்கலாம். ஆகவே ஆறில் ஐந்துதான் நிரப்ப வேண்டும். ஒன்று போடுங்கள், ஒன்றை விடுங்கள், நான்கு போடுங்கள். சுத்தியலை முழுவதும் இழுத்து, கட்டைவிரலால் பிடித்தபடியே மெல்ல இறக்குங்கள். காலி அறை அதற்கு நேராக வந்து நிற்கும். நன்றி, வணக்கம்.