மரமண்டைகளின் சார்பாக

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, பொங்கல் சாப்பாட்டுக்கு வரிசை நீண்டுவிடுமோ என்று வாசலையே பார்த்துக்கொண்டிருக்கும் பெரியோர்களே, வணக்கம். பத்து நிமிடம் என்றார்கள், நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

தலைப்பு உங்களுக்குத் தெரியும். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக பேண்டுக் குழுவுக்கு அழகு அன்றைய அட்டகாசமா, இன்றைய அடக்கமா? நான் அட்டகாசத்தின் பக்கம். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், சீட்டுக் குலுக்கியதில் எனக்கு இந்தப் பக்கம் விழுந்தது. வீட்டில் என் பிள்ளைகளிடம் நான் பேசுவது முழுக்க எதிரணி வசனம்தான். என் பெண் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து இதையெல்லாம் வீடியோ எடுத்துக்கொண்டிருக்கிறாள், நாளைக்கு எனக்கே போட்டுக் காட்டுவாள்.

நம்மில் பாதிப் பேர் அந்தக் காம்பஸுக்குப் போவதே பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய் “நல்லாப் படிச்சா இங்க வரலாம்” என்று அன்பாக மிரட்டத்தான். பேண்டைப் பார்த்திருக்க மாட்டீர்கள். பார்த்தவர்கள் பிள்ளையின் கண்ணைப் பொத்தியிருப்பீர்கள். மற்ற ஊர் பேண்டுக் குழுக்கள் மிலிட்டரி மாதிரி வரிசை கட்டி நடக்கும். இவர்களும் ஒரு காலத்தில் அப்படித்தான் நடந்தார்கள். 1963இல் பழைய இயக்குநர் போனதும் மாணவர்கள் முரண்டு பிடித்தார்கள், அப்புறம் ஆர்தர் பார்ன்ஸ் என்பவர் வந்து கடிவாளத்தை அவர்கள் கையிலேயே கொடுத்துவிட்டார். அன்றைக்கு விட்டதுதான். வரிசை கிடையாது, விசில் ஊதினால் கல்யாண மண்டபத்தில் பந்திக்கு ஓடுகிற மாதிரி நாலா பக்கமும் ஓடி அடுத்த இடத்தில் நிற்பார்கள். சிவப்புக் கோட்டு, தலையில் ஒரு வெள்ளைத் தொப்பி, கழுத்தில் ஊரிலேயே அசிங்கமான டை எதுவோ அது. வாசிக்கத் தெரிந்திருக்க வேண்டும் என்ற கட்டாயம்கூட இல்லை, வா, கற்றுக்கொள்ளலாம் என்பார்கள்.

இந்தக் குழுவை உலகத்துக்கே தெரியவைத்த கதையை எதிரணி அண்ணன் ஒரே வரியில் கடந்துபோனார். “ஒரு மேட்சையே தோற்கடித்தவர்கள்” என்றார். அண்ணே, பிரியாணியை “ஒரு சோறு” என்று சொல்கிற ஆள் நீங்கள்! இதை நான் சொல்கிறேன்.

எனக்கு இதைச் சொன்னவர் என்னுடைய பழைய டீம் லீட். அந்த நாளில் அவர் மாணவர், மைதானத்தில் உட்கார்ந்திருந்தவர். ஒவ்வொரு நவம்பரிலும் மத்தியானச் சாப்பாட்டில் இந்தக் கதையைச் சொல்லுவார், நாங்கள் டப்பாவை மூடிவிட்டுக் கேட்போம். 1982 நவம்பர் 20. பெர்க்லி மைதானம். கலிஃபோர்னியா பல்கலைக்கழகமும் ஸ்டான்ஃபோர்டும். அமெரிக்கக் கால்பந்து, அதாவது பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடுகிற ஆட்டம். இந்த ஆட்டத்துக்கே ‘பெரிய ஆட்டம்’ என்றுதான் பேர், பங்காளிச் சண்டை மாதிரி. ஸ்டான்ஃபோர்டு பக்கம் ஜான் எல்வே, பின்னாளில் டென்வருக்கு ஆடிப் பெரிய ஆளானவர். ஸ்கோர் 20–19, ஸ்டான்ஃபோர்டு முன்னிலை. பாக்கி நேரம் 4 விநாடி. நாலே நாலு! நாம் தும்மி முடித்துத் துடைக்கவே அதற்கு மேல் ஆகும்.

ஸ்டான்ஃபோர்டு பந்தை உதைத்துவிட்டது. எதிராளி ஒருவர் எடுக்கிறார், ஓடுகிறார், பிடிக்க வருகிறார்கள், பின்னால் வருகிறவனுக்குத் தூக்கிப் போடுகிறார். அவன் இன்னொருவனுக்கு. அவனை நாலைந்து பேர் அமுக்கிவிட்டார்கள், ஆட்டம் முடிந்தது என்று எல்லோரும் நினைத்தார்கள். யார் எல்லோரும்? பேண்டு! 144 பேர், எக்காளமும் டிரம்முமாக, ஜெயித்துவிட்டோம் என்று மைதானத்துக்குள் இறங்கிவிட்டார்கள். ஆனால் அமுங்கினவன் அமுங்குவதற்கு முன்னால் பந்தைப் போட்டுவிட்டான். ஆட்டம் முடியவில்லை! இது ஆட்டக்காரர்களுக்குத் தெரியும், நடுவர்களுக்குத் தெரியும், பேண்டுக்கு மட்டும் தெரியாது. ரேடியோவில் வர்ணனை செய்த ஜோ ஸ்டார்க்கி தொண்டை கிழியக் கத்தினார், பேண்டு மைதானத்துக்குள் வந்துவிட்டது என்று.

நம் ஊர்க்காரர்களுக்குப் புரிகிற மாதிரிச் சொல்கிறேன். 1986, ஷார்ஜா. கடைசிப் பந்து. சேத்தன் சர்மா ஓடி வருகிறார், மியான்தாத் மட்டையைத் தூக்குகிறார், அந்த நேரம் பார்த்து பிட்சுக்குள் நையாண்டி மேளம் வந்து நின்றால்? நின்றிருந்தால் நாம் ஜெயித்திருப்போம், அது வேறு விஷயம்.

இங்கே நின்றது. ஐந்து தடவை கைமாறிய பந்து, முதலில் எடுத்த கெவின் மோயன் கைக்கே திரும்பி வருகிறது. அவர் நேரே பேண்டுக்குள் ஓடுகிறார். குழல் வைத்திருப்பவன் விலகுகிறான், டிரம் வைத்திருப்பவன் விலகுகிறான், கடைசியில் எல்லைக்கோட்டைத் தாண்டி ஒரே ஒரு மாணவன், கையில் ட்ராம்போன், பின்னால் என்ன வருகிறது என்று தெரியாமல் நிற்கிறான். மோயன் பந்தோடு எகிறி அவன் மேலேயே விழுந்தார்! ஸ்கோர் 25–20. ஸ்டான்ஃபோர்டு தோற்றது, எல்வேயின் கடைசிக் கல்லூரி ஆட்டம் அது.

எங்கள் டீம் லீட் முதல் வருடம் இதைச் சொன்னபோது ட்ராம்போன் லேசாக நசுங்கியது. மூன்றாவது வருடம் வளைந்தது. அவர் ரிட்டயர் ஆன நாளில் கேக் வெட்டிக்கொண்டே சொன்னபோது சுருண்டு சங்காகவே ஆகிவிட்டது. ஆனால் அந்த நிஜ ட்ராம்போன் இப்போது எங்கே இருக்கிறது தெரியுமா? கல்லூரிக் கால்பந்துப் புகழ் மண்டபத்தில்! ஒரு கோலும் போடாமல் விளையாட்டு மண்டபத்துக்குள் போன வாத்தியம். இன்னொன்று, ஜெயித்த அணிக்கு ஒரு கோடாரியைக் கோப்பையாகக் கொடுப்பார்கள். அதன் பலகையில் அந்தந்த வருட ஸ்கோர் இருக்கும். கோடாரி ஸ்டான்ஃபோர்டு கைக்கு வரும்போதெல்லாம் 1982க்கு நேரே 20–19 என்று மாற்றிவிடுவார்கள். கை மாறினால் பெர்க்லிக்காரர்கள் திருத்திக்கொள்வார்கள். டெபாசிட் போன வேட்பாளர்கூட இவ்வளவு உறுதியாக நின்றதில்லை.

சரி, எதிரணி அண்ணன் கைதட்டு வாங்கிய இடத்துக்கு வருகிறேன். என்ன சொன்னார்? “மரத்தைச் சின்னமாக வைத்திருக்கிற கூட்டம் மரமண்டைக் கூட்டமாகத்தான் இருக்கும், அந்தப் பல்கலைக்கழகக் குலத்தைக் கெடுக்க வந்த கோடாரிக்காம்பு.” நல்லாக் கைதட்டினீர்கள். என் வீட்டுக்காரரும் தட்டினார், பார்த்துக்கொண்டுதான் இருந்தேன், வீட்டுக்கு வரட்டும்.

அண்ணே, அது ஏன் மரம் தெரியுமா? அதற்கு முன்னால் அங்கே சின்னம் ‘இந்தியன்’. நம்மைச் சொல்லவில்லை, அந்த மண்ணின் பூர்வகுடிகளை. உண்மையான பூர்வகுடி மாணவர்கள் இது எங்களைக் கேவலப்படுத்துகிறது என்று மனுக் கொடுத்தார்கள், 1972இல் அதை எடுத்துவிட்டார்கள். அப்புறம் அணிக்கு வைத்த பேர் கார்டினல். பறவைகூட இல்லை, நிறம்! நிறத்துக்கு எப்படி வேஷம் கட்டுவது? 1975இல் பேண்டுக்காரர்கள் இடைவேளையில் ஒரு கிண்டல் நிகழ்ச்சி போட்டார்கள், புதுச் சின்னத்துக்கு நாங்கள் சொல்லும் வேட்பாளர்கள் இவர்கள் என்று. புகை விடும் மேன்ஹோல் ஒன்று, ஃபிரெஞ்சு ஃப்ரை ஒன்று, மரம் ஒன்று. மரம் ஜெயித்துவிட்டது. நல்லவேளை உருளைக்கிழங்கு ஜெயிக்கவில்லை. இன்றைக்கும் அது பல்கலைக்கழகத்தின் அதிகாரபூர்வச் சின்னம் இல்லை, பேண்டின் மரம்தான். முழித்த கண்ணும் இளித்த வாயுமாக ஆடிக்கொண்டு வரும்.

ஸ்டான்ஃபோர்டுக்குப் பக்கத்தில் இருக்கிற பாலோ ஆல்டோ என்ற ஊர்ப் பேருக்கே நெட்டை மரம் என்றுதான் அர்த்தம். கால்ட்ரெயின் ரயில் பாலத்துக்குப் பக்கத்தில், ஓடைக்கரையில், அந்த ரெட்வுட் மரம் இன்னும் நிற்கிறது. ஆயிரம் வயதுக்கு மேல். 1010இல் ராஜராஜன் பெரிய கோயிலுக்குக் குடமுழுக்குச் செய்தபோது இந்த மரம் இங்கே நின்றிருக்கிறது. மரம் என்றால் மட்டமா அண்ணே? நம் சங்க காலத்து ராஜா ஒவ்வொருவருக்கும் ஒரு காவல்மரம் இருந்தது. ஒருவன் தோற்றான் என்பதற்கு அடையாளமே அவன் காவல்மரத்தை எதிரி வெட்டியதுதான். வெட்டிச் சும்மா விட்டார்களா? இமயவரம்பன் நெடுஞ்சேரலாதன் கடம்பமரத்தை வெட்டி முரசு செய்தான் என்று பதிற்றுப்பத்து பாடுகிறது. மரத்துக்கும் மேளத்துக்கும் உள்ள உறவு நாம் எழுதி வைத்தது! 1998இல் பெர்க்லி மாணவர்கள் ஐந்து பேர் அந்த மர வேஷத்தையே திருடிக்கொண்டு போய் ரெண்டு வாரம் வைத்துக்கொண்டார்கள். பதிற்றுப்பத்து படிக்காமலே பதிற்றுப்பத்து நடத்துகிறார்கள். சரி, கோடாரிக்காம்பு? கோடாரியைக் கோப்பையாக வைத்துவிட்டு, மரத்தை அதற்குப் பக்கத்திலேயே ஆடவிட்டிருக்கிற துணிச்சல் வேறு எந்த ஊரில் இருக்கிறது?

நடுவர் மணியைத் தொடுகிறார். இருங்கள் ஐயா, இனிமேல்தான் முக்கியமானதைச் சொல்ல வருகிறேன்.

எதிரணி வாசித்த பட்டியல் பொய் இல்லை. 1990இல் ஆரிகனில் ஆந்தையையும் மரவெட்டிகளையும் வைத்துக் கிண்டல் பண்ணியது, எனக்குச் சிரிப்புதான் வந்தது. 1997இல் ‘ஐரிஷ்’ என்று பேர் வைத்துக்கொண்ட நோட்ர் டேம் அணிக்கு எதிரே அயர்லாந்துப் பஞ்சத்தைக் கேலி செய்தது, அதற்குச் சிரிக்க என்னால் முடியாது. தாது வருஷப் பஞ்சத்தைப் பாட்டி வாயால் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். 2006இல் மரமே குடித்துவிட்டு ஆடியது. 2015இல் வந்த விசாரணை இன்னும் மோசம், புதுப் பிள்ளைகளைப் படுத்தியது, பெண்களிடம் தவறாக நடந்தது எல்லாம் அதில் இருந்தது. 2016 டிசம்பரில் குழுவையே தடை செய்தார்கள், அடுத்த மாதம் தளர்த்தினார்கள். இதற்கு நான் சப்பைக்கட்டு கட்டப்போவதில்லை, பெண்ணைப் பெற்றவள் நான். ஆனால் 2022இல் அந்த மரம் ஒரு ஆட்டத்தில் ‘ஸ்டான்ஃபோர்டுக்கு விளையாட்டுத்தனமே பிடிக்காது’ என்கிற மாதிரி ஒரு பேனர் பிடித்தது, அதற்கும் மரத்தைத் தள்ளி வைத்தார்கள். பேனர் சொன்னதை நிர்வாகமே நிரூபித்துக் கொடுத்தது. இந்த ரெண்டும் ஒரே குற்றமா? எதிரணி ரெண்டையும் ஒரே பட்டியலில் வைத்து வாசித்தது.

“பேரைக் கெடுத்துவிட்டார்கள்” என்று அண்ணன் நாலு தடவை சொன்னார், எண்ணினேன். எந்தப் பேரை?

போன இலையுதிர் காலத்தில் ஊரிலிருந்து என் மாமியார் வந்திருந்தார். காம்பஸைக் காட்டக் கூட்டிக்கொண்டு போனோம். அங்கே மரங்களுக்கு நடுவில் ஒரு கல்லறை மண்டபம், வாசலில் சிங்க உடம்பும் மனித முகமுமாகச் சிலைகள். “யாரு தாயி?” என்றார். ஒரு பையன், அத்தை. லீலண்ட் ஸ்டான்ஃபோர்டு ஜூனியர். 1884இல் இத்தாலிக்குப் போன இடத்தில் டைஃபாய்டு வந்து செத்துப்போனான், பதினாறு முடிய ரெண்டு மாதம். ஒரே பிள்ளை. அவன் நினைவாகத்தான் அப்பாவும் அம்மாவும் இதைக் கட்டி 1891இல் திறந்தார்கள். மூன்று பேரும் இதற்குள்தான் இருக்கிறார்கள் என்றேன். அத்தை ஒன்றும் பேசவில்லை. என் வீட்டுக்காரருக்கு மூத்தவர் ஒருவர் இருந்தார், ஒன்பது வயதில் காய்ச்சலில் போய்விட்டார். எங்களுக்குக் கல்யாணம் ஆகி இருபத்து மூன்று வருடம், அந்தப் பேரை வீட்டில் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

அப்புறம் ஆட்டத்துக்குப் போனோம். நாம் எல்லோரும் ஸ்டான்ஃபோர்டு என்போம், பனியனில் ஸ்டான்ஃபோர்டு, பீற்றிக்கொள்வதற்கும் ஸ்டான்ஃபோர்டு. அந்த ‘ஜூனியர்’ பத்திரத்தில் இருக்கிறது, நம் வாயில் இல்லை. பேண்டு இறங்கும்போது ஒலிபெருக்கியில் பேரை முழுசாகச் சொன்னார்கள், ஒப்பில்லாத லீலண்ட் ஸ்டான்ஃபோர்டு ஜூனியர் யூனிவர்சிட்டி மார்ச்சிங் பேண்டு என்று. சொன்னதும் அந்த மரமண்டைகள் கோமாளி டையும் நசுங்கிய குழலுமாக நாலா பக்கமும் ஓடி வந்தார்கள்.

அத்தைக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனால் அந்தப் பேரைக் காலையில்தான் கேட்டிருந்தார். “அந்தப் பையன் பேரா தாயி?” என்றார். ஆமாம் அத்தை என்றேன். “எம்புட்டுச் சத்தமாச் சொல்றாங்க” என்றார்.

திரும்பி வரும்போது 280 நெடுஞ்சாலையில் நல்ல இருட்டு. பின் சீட்டிலிருந்து அத்தை தானாகவே ஆரம்பித்தார், அவன் தகர டப்பாவைத் தட்டிக்கொண்டே பள்ளிக்கூடம் போவான், வாத்தியார் தினம் அடிப்பார் என்று. நடுவில் அவன் பேரைச் சொன்னார். என் வீட்டுக்காரர் காரை ஓரம் கட்டிவிட்டார்.

மணி அடித்துவிட்டீர்கள், சரி ஐயா. அந்தப் பேரை மட்டும் நான் இங்கே சொல்லப்போவதில்லை, அத்தை முன் வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறார். வணக்கம்.