தீக்குச்சிக்கு அண்ணன் லைட்டர்

[திரையில்: ஒரு பக்கம் தீக்குச்சி, மறுபக்கம் லைட்டர். நடுவில் ஒரு கேள்விக்குறி.]

லைட்டர், தீக்குச்சி. இந்த இரண்டில் உலகத்துக்கு முதலில் வந்தது எது?

தீக்குச்சிதானே என்று சொல்ல வாய் திறந்திருப்பீர்கள். இல்லை, லைட்டர்தான் மூத்தது.

1823ஆம் ஆண்டு. ஜெர்மனியின் யெனா பல்கலைக்கழகத்தில் வேதியியல் பேராசிரியராக இருந்தவர் யோஹான் டோபரைனர். நுண்துளைகள் நிறைந்த பிளாட்டினத்தின் மேல் ஹைட்ரஜன் வாயுவைப் பாய்ச்சிப் பார்த்தார். பிளாட்டினம் பழுக்கச் சிவந்தது, வாயு குப்பென்று பற்றிக்கொண்டது. வெளியிலிருந்து ஒரு பொறிகூடத் தேவைப்படவில்லை. இதை வைத்தே மேசைமேல் நிற்கும் ஒரு விளக்கையும் செய்துவிட்டார். நான் சொன்ன லைட்டர் இதுதான்.

[திரையில்: விளக்கின் குறுக்குவெட்டுப் படம்]

அந்த விளக்கைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்கலாம். ஒரு கண்ணாடி ஜாடி, அதற்குள் நீர் கலந்த கந்தக அமிலம். அமிலத்துக்குள் அடி திறந்த இன்னொரு குடுவை. குடுவையின் நடுவில் ஒரு துத்தநாகத் துண்டு தொங்குகிறது. மேலே ஒரு திருகு. திருகைத் திறந்தால் குடுவைக்குள் அமிலம் ஏறும், துத்தநாகத்தைத் தொடும், ஹைட்ரஜன் நுரைத்துக் கிளம்பும். அது மெல்லிய குழல் வழியாகச் சீறிக்கொண்டு போய்ப் பிளாட்டினத்தில் பட்டதும் தீ.

சரி, அணைப்பது எப்படி? திருகை மூடினால் போதும். வெளியேற வழியில்லாத வாயு குடுவைக்குள்ளேயே சேர்ந்து அமிலத்தைக் கீழே தள்ளும். அமிலம் துத்தநாகத்தை விட்டு இறங்கியதும் வாயு உருவாவது தானாக நின்றுவிடும். ஒரே ஒரு திருகு, வேறு கட்டுப்பாடே கிடையாது. இந்த அமைப்பின் சாமர்த்தியம் எனக்கு அதன் வயதைவிடப் பெரிய ஆச்சரியம்.

இதில் பிளாட்டினம் துளிகூடச் செலவாவதில்லை. வினையை முடுக்கிவிட்டு, தான் அப்படியே இருந்துவிடுகிறது. இப்படிப்பட்ட பொருளைத்தான் இன்று வினையூக்கி என்கிறோம். அந்த நிகழ்வுக்குப் பெயர் வைத்தவர் ஸ்வீடன் வேதியியலாளர் பெர்சீலியஸ், அதுவும் 1835இல்தான். ஆக, பெயர் வருவதற்கு 12 ஆண்டுகளுக்கு முன்பே பொருள் மேசைக்கு வந்துவிட்டது. கார்களின் புகைக்குழாயில் நச்சுவாயுவைக் குறைக்கும் கருவியிலும் இன்று இதே பிளாட்டினம் வேலை செய்கிறது.

தீக்குச்சி? இங்கிலாந்தின் ஸ்டாக்டன் ஊரில் மருந்துக்கடை வைத்திருந்த ஜான் வாக்கர் அதைக் கண்டுபிடித்தது 1826இல். கடையில் விற்கத் தொடங்கியது 1827இல். காப்புரிமை வாங்கச் சொன்னவர்களின் பேச்சை அவர் கேட்கவில்லை. அதனால் மற்றவர்கள் அதே குச்சியைத் தாங்களும் செய்து சம்பாதித்தார்கள்.

இங்கே ஒரு திருத்தம் சொல்லியாக வேண்டும். 1805 வாக்கிலேயே, அமிலத்தில் முக்கினால் பற்றும் குச்சிகள் இருந்தன. அதனால் 'உரசினால் பற்றும் தீக்குச்சி' என்று சொன்னால்தான் இந்தத் தகவல் சரி. இதைச் சொல்லாமல் விடுகிற வீடியோக்கள் நிறைய உண்டு.

[திரையில்: துருப்பிடித்த பழைய தகர டப்பா, பக்கத்தில் உளியும் சுத்தியலும்]

அடுத்தது தகர டப்பா. இது எனக்கு மிகவும் பிடித்த கதை.

நிக்கொலா அப்பேர் என்ற பிரெஞ்சு மிட்டாய்க்காரர் உணவைக் கண்ணாடிப் பாட்டிலில் அடைத்து, காற்றுப் புகாமல் மூடி, பாட்டிலோடு கொதிக்க வைத்தால் கெடாமல் இருக்கிறது என்று காட்டினார். பிரெஞ்சு அரசு 12,000 பிராங்க் பரிசு கொடுத்தது, அவரும் 1810இல் முறையை எழுதி வெளியிட்டார். அதே 1810இல் இங்கிலாந்தில் பீட்டர் டுரண்ட், கண்ணாடிக்குப் பதில் தகரம் பூசிய இரும்பையும் பயன்படுத்தலாம் என்று காப்புரிமை வாங்கினார். 1813இல் பிரையன் டாங்கினும் கூட்டாளிகளும் லண்டனில் தொழிற்சாலையே தொடங்கி, கடற்படைக்கு இறைச்சி டப்பாக்கள் அனுப்பினார்கள்.

எல்லாம் சரி, திறப்பது எப்படி?

அதற்கென்று ஒரு கருவி இல்லை. 1824இல் வில்லியம் பாரியின் ஆர்க்டிக் பயணத்துக்குப் போன கன்றிறைச்சி டப்பாவின் மேலேயே வழிமுறை எழுதியிருந்தது: மேல்பக்கத்தில் விளிம்பை ஒட்டி உளியையும் சுத்தியலையும் வைத்துச் சுற்றிலும் வெட்டவும். சாப்பாட்டுக்கு முன்னால் கொல்லன் வேலை! படைவீரர்கள் துப்பாக்கி முனைக் கத்தியால் குத்தித் திறந்தார்கள்.

டப்பா திறப்பானுக்கு அமெரிக்காவில் எஸ்ரா வார்னர் காப்புரிமை வாங்கியது 1858இல். இங்கிலாந்தில் அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரு திறப்பான் வந்திருந்தது. எப்படிக் கணக்குப் போட்டாலும் டப்பாவுக்கும் திறப்பானுக்கும் இடையே 40 ஆண்டுகளுக்கு மேல். வார்னரின் கருவியும் லேசானதில்லை. ஒரு கூர்முனையை உள்ளே இறக்கி, வளைந்த கத்தியால் அறுத்துக்கொண்டே போக வேண்டும். வீட்டில் வைத்துப் பழகப் பயந்த மக்களுக்காகக் கடைக்காரரே திறந்து கொடுத்தார். வெட்டும் சக்கரம் வைத்து விளிம்பில் உருளும் வகை 1870இல்தான் வந்தது, வில்லியம் லைமன் கைவண்ணத்தில்.

இதைக் கேட்டதும் "அந்தக் காலத்து ஆட்களுக்கு இதுகூடத் தோன்றவில்லையா?" என்று சிரிக்கத் தோன்றும். சிரிக்க ஒன்றுமில்லை. ஆரம்பகால டப்பாக்கள் கனத்த இரும்புத் தகட்டால் ஆனவை. சில நேரம் உள்ளே இருக்கும் உணவைவிட டப்பாவின் எடை அதிகம். கையால் அறுக்க முடியாத பொருளுக்குக் கைக்கருவி எப்படி வரும்? தகடு மெலிந்த பிறகுதான் திறப்பானுக்கு வழி பிறந்தது.

இன்னொன்றும் உண்டு. டப்பாவுக்குள் உணவு ஏன் கெடுவதில்லை என்று அப்பேருக்கும் தெரியாது, டுரண்டுக்கும் தெரியாது. நுண்ணுயிரிகள்தான் உணவைக் கெடுக்கின்றன, வெப்பம் அவற்றைக் கொல்கிறது என்று லூயி பாஸ்டர் காட்டியது 1860களில். முதலில் டப்பா, அப்புறம் திறப்பான், கடைசியில்தான் விளக்கம்.

[திரையில்: ஊசல்களும் கம்பிகளும் கொண்ட இயந்திரம்]

மூன்றாவதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஃபேக்ஸ், டெலிபோனைவிட மூத்தது. ஸ்காட்லாந்துக் கடிகாரக்காரர் அலெக்ஸாண்டர் பெய்ன், படத்தைத் தந்திக் கம்பி வழியே அனுப்பும் முறைக்கு 1843இல் காப்புரிமை வாங்கினார். இரண்டு முனையிலும் ஒரே வேகத்தில் ஆடும் ஊசல்கள். ஒன்று உலோக எழுத்துகளைத் தடவிக்கொண்டே போகும், மின்சாரம் பாயும் இடங்களில் எதிர்முனையில் வேதிப்பொருள் தடவிய தாள் நிறம் மாறும். கிரகாம் பெல்லின் டெலிபோன் காப்புரிமை 1876. அதற்கு 11 ஆண்டுகள் முன்பே, 1865இல், ஜொவானி கசெல்லி என்ற இத்தாலியரின் இயந்திரம் பாரிஸுக்கும் லியோனுக்கும் இடையே கையெழுத்துகளை அனுப்பிக்கொண்டிருந்தது. வங்கிகளுக்குக் கையெழுத்தைச் சரிபார்க்க அது பயன்பட்டது.

இதை வைத்து இணையத்தில் ஒரு கதை சுற்றுகிறது: ஜப்பானின் சாமுராய் வீரர் ஒருவர் ஆபிரகாம் லிங்கனுக்கு ஃபேக்ஸ் அனுப்பியிருக்க முடியும் என்று. மூன்றும் ஒரே காலத்தில் இருந்தன என்பது உண்மை. ஆனால் லிங்கன் உயிரோடு இருந்தவரை ஜப்பானுக்குக் கடலடித் தந்திக் கம்பியே போய்ச் சேரவில்லை. சாமுராய் கடிதம்தான் போட்டிருக்க வேண்டும்.

இதுவரை பார்த்தவை எல்லாம் நாம் நினைப்பதைவிடச் சீக்கிரம் தொடங்கியவை. இன்னொரு வகை உண்டு, அது இன்னும் சுவாரசியம்: நாம் நினைப்பதைவிடத் தாமதமாக முடிந்தவை. எது எப்போது தொடங்கியது என்று பள்ளியில் படிக்கிறோம். எது எப்போது முடிந்தது என்று யாரும் கேட்பதில்லை. அதனால் பழையது எல்லாம் எப்போதோ ஒழிந்துவிட்டது என்று நாமே முடிவுகட்டிவிடுகிறோம்.

[திரையில்: பனிப் பரப்பில் மாமத யானைகள். கீழே பிரமிடின் நிழலுரு.]

உடல் முழுக்க ரோமம் போர்த்திய மாமத யானை என்றதும் பனியுகம், குகை மனிதன் என்றுதான் நினைப்பு ஓடும். எகிப்தில் கூஃபூ மன்னனின் பெரிய பிரமிடைக் கட்டியது கி.மு. 2560 வாக்கில். அப்போது மாமத யானைகள் உயிரோடு நடமாடிக்கொண்டிருந்தன. கட்டி முடித்த பிறகும் சில நூற்றாண்டுகள் இருந்தன.

எங்கே? சைபீரியாவுக்கு வடக்கே ஆர்க்டிக் கடலில் உள்ள ராங்கல் தீவில். பனியுகத்தில் அது தனித் தீவாக இல்லை, பெருநிலத்தோடு ஒட்டியிருந்தது. சுமார் 10,000 ஆண்டுகளுக்கு முன் பனி உருகிக் கடல் மட்டம் ஏறியதும் தீவு துண்டாகிவிட்டது. பெருநிலத்தில் இருந்த மாமதங்கள் அழிந்தன. தீவில் மாட்டிக்கொண்ட கூட்டம் மட்டும் மேலும் 6,000 ஆண்டுகள் தாக்குப்பிடித்தது.

2024இல் வெளிவந்த மரபணு ஆய்வு சொல்வது இதைவிட ஆச்சரியம். அந்தக் கூட்டம் முழுவதும் அதிகபட்சம் எட்டு யானைகளிலிருந்து வந்திருக்கிறது. 20 தலைமுறைகளுக்குள் எண்ணிக்கை 200, 300 என்று ஏறி, அப்படியே நிலைத்துவிட்டது. சொந்தத்துக்குள்ளேயே இனம் பெருகியதால் மரபணுக் கோளாறுகள் இருந்தன. அவற்றில் கொடிய கோளாறுகள் தலைமுறைகள் போகப்போகக் களையப்பட்டன, சின்னக் கோளாறுகள் சேர்ந்துகொண்டே வந்தன. ஆனாலும் அவை மெல்ல மெல்லத் தேய்ந்து அழியவில்லை. சுமார் 4,000 ஆண்டுகளுக்கு முன் திடீரென்று காணாமல் போயின. மனிதன் வேட்டையாடித் தீர்த்தான் என்று பழிபோடவும் வழியில்லை, தீவில் கிடைத்த மனிதத் தடயங்கள் அதற்குச் சில நூறு ஆண்டுகள் பிந்தியவை. நோயா, காட்டுத்தீயா, ஏதாவது ஒரு கொடிய பருவமா என்ற வாதம் ஓய்ந்தபாடில்லை.

எகிப்தைத் தொட்டதால் கிளியோபாட்ராவையும் சொல்லிவிடலாம். அவர் இறந்தது கி.மு. 30இல். பிரமிடு கட்டியதற்கும் அவருக்கும் இடைவெளி சுமார் 2,500 ஆண்டுகள். அவருக்கும் 1969இல் மனிதன் நிலவில் இறங்கியதற்கும் சுமார் 2,000 ஆண்டுகள். 'பண்டைய எகிப்து' என்ற ஒரே மூட்டையில் மூவாயிரம் ஆண்டுகளை அள்ளிக் கட்டிவிட்டதால் வந்த குழப்பம் இது.

இனி ஒரு தேதி. 1977, செப்டம்பர்.

5ஆம் தேதி அமெரிக்காவிலிருந்து வாயேஜர் 1 விண்கலம் கிளம்பியது. வியாழன், சனி கோள்களைத் தாண்டி, 2012இல் சூரியக் காற்று எட்டும் எல்லையையே கடந்து போன கலம். அது கிளம்பிய ஐந்தாம் நாள், 10ஆம் தேதி, பிரான்சின் மார்செய் நகரச் சிறையில் ஒருவரின் தலையைக் கில்லட்டின் வெட்டியது. பிரெஞ்சுப் புரட்சியின்போது, 1792இல், வேலையைத் தொடங்கிய அதே வகை இயந்திரம்! அதுதான் கில்லட்டினின் கடைசித் தண்டனை. 1981இல் பிரான்ஸ் மரண தண்டனையையே ஒழித்தது. இந்த இரண்டு செய்திகளும் ஒரே வாரத்தில் வந்தவை என்று முதலில் தெரிந்தபோது நான் தேதிகளைத் திரும்பத் திரும்பச் சரிபார்த்தேன்.

[திரையில்: கடலில் சுறா. கரையில் மரமே இல்லாத வெற்று நிலம்.]

மனித வரலாற்றை விட்டுக் கொஞ்சம் பின்னால் போவோம். கொஞ்சம் என்றால், 40 கோடி ஆண்டுகள்.

சுறா, மரத்தைவிடப் பழையது. சுறாவின் உடலில் எலும்பு இல்லை, குருத்தெலும்புதான். அது எளிதில் மக்கிவிடும். மிஞ்சுவது பல்லும் செதிலும்தான். சந்தேகமில்லாத சுறாப் பற்களுக்கு வயது சுமார் 41 கோடி ஆண்டுகள். செதில்களையும் கணக்கில் எடுத்தால் 45 கோடி வரை போகிறது, ஆனால் அந்தச் செதில்கள் சுறாவுடையவைதானா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. கிடைத்த மிகப் பழைய மரங்களுக்கு வயது 39 கோடிதான்.

அப்படியானால், மரம் வருவதற்கு முன் தரையில் உயரமாக நின்றது எது? இதற்கான விடைதான் விசித்திரம். அன்றைய செடிகள் பெரும்பாலும் ஒரு மீட்டரைத் தாண்டாதவை. அவற்றுக்கு நடுவே, கிளையும் இலையும் இல்லாமல், எட்டு மீட்டர் வரை உயர்ந்த தூண்கள் நின்றன. பெயர் புரோட்டோடாக்சைட்டிஸ். 1859இல் இதை விவரித்த கனடாப் புவியியலாளர் டாசன், மக்கிப்போன ஊசியிலை மரம் என்றார். பிறகு கடற்பாசி என்றார்கள். 2007இல் கார்பன் அணுக்களை ஆராய்ந்தவர்கள், இது செடிபோல் சூரிய ஒளியில் உணவு தயாரித்ததில்லை, காளான் இனம்தான் என்றார்கள். அண்மையில் ஸ்காட்லாந்தின் ரைனி பாறையில் கிடைத்த துண்டுகளை ஆராய்ந்த குழுவோ, காளானும் இல்லை, வாரிசே இல்லாமல் அழிந்துபோன தனி உயிர்வகை என்று வாதிடுகிறது. 160 ஆண்டுகளுக்கு மேலாக, ஒரு தூண் எந்த இனம் என்று முடிவாகவில்லை.

மரத்தின் கதை இது. புல்லின் கதை இதற்கு நேர் எதிர்.

டைனோசர் படங்களில் புல்வெளியைப் பார்த்தால் அறிவியலாளர்கள் முன்பெல்லாம் தலையில் அடித்துக்கொள்வார்கள். புல் வந்தது டைனோசர்கள் அழிந்த பிறகு என்பதுதான் அவர்கள் கணக்கு. 2005இல் அந்தக் கணக்கு மாறியது. மாற்றியது டைனோசர் சாணம்! மத்திய இந்தியாவில் கிடைத்த, கல்லாகிப்போன சாணத்தைச் சீவி நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார்கள். புற்கள் தங்கள் செல்களுக்குள் சிலிக்காவைச் சேர்த்து நுண்ணிய கண்ணாடித் துகள்கள்போல் ஆக்கிக்கொள்ளும். துகளின் வடிவத்தை வைத்து எந்தப் புல் என்று சொல்லிவிடலாம். அந்தச் சாணத்தில் குறைந்தது ஐந்து வகைப் புற்களின் துகள்கள் இருந்தன. 2011இல் அதே பகுதி மாதிரிகளை மேலும் ஆராய்ந்தபோது, அவற்றில் நெல் இனத்தைச் சேர்ந்த புல்லும் இருந்தது தெரியவந்தது.

ஆக, நெல்லின் உறவுக்காரப் புல்லை மனிதனுக்கு ஆறரைக் கோடி ஆண்டுகள் முன்னாலேயே யாரோ மேய்ந்து முடித்திருக்கிறார்கள். டைனோசர் ஓவியத்தில் இனி ஓரமாகக் கொஞ்சம் புல் வரைந்தால் யாரும் குறை சொல்ல முடியாது.