தவளைத் தோலில் ஒரு சுருள்வாள்

எல்லோருக்கும் வணக்கம்.

மழைக்காலத்தில் தவளையைப் பிடித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அது வழுக்கிக்கொண்டு ஓடிய பிறகும் விரலில் ஒரு பிசுபிசுப்பு நிற்கும். சட்டையில் துடைத்துவிட்டுப் போய்விடுவோம். அந்தப் பிசுபிசுப்பைப் பற்றித்தான் இன்றைக்குப் பேச வந்திருக்கிறேன்.

1980களில் அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனத்தில் மைக்கேல் சாஸ்லாஃப் என்ற மருத்துவர் ஆப்பிரிக்க நகத் தவளைகளை வளர்த்துவந்தார். அவருக்கு வேண்டியது அதன் முட்டை. வயிற்றைக் கீறி முட்டையை எடுப்பார், தையல் போடுவார், மறுபடி தொட்டியில் விட்டுவிடுவார். கிருமி மண்டிய தண்ணீர். புதுத் தையலோடு நாம் அதில் இறங்கினால் சீழ் வைத்துவிடும். தவளைக்கோ சீழும் இல்லை, வீக்கமும் இல்லை. காயம் சுத்தமாக ஆறியது. ஏன் என்று கேட்டார் பாருங்கள், அதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். 1987இல் அந்தத் தோலிலிருந்து இரண்டு பெப்டைடுகளைப் பிரித்துக் காட்டினார். ஒவ்வொன்றும் 23 அமினோ அமிலங்கள் கோத்த சின்னச் சங்கிலி. எபிரேய மொழியில் கேடயத்துக்கு ‘மாகேன்’ என்று பெயர். அதை வைத்து ‘மாகைனின்’ என்றார்.

பாக்டீரியாவின் மேலுறையில் எதிர்மின்னூட்டம் இருக்கும், மாகைனினுக்கு நேர்மின்னூட்டம். போய் ஒட்டிக்கொண்டு, சுருளாகி, உறையில் ஓட்டை போட்டுவிடும். உள்ளிருப்பது கசிந்து பாக்டீரியா சாகும்.

சரி, மருந்துக்கடையில் ஏன் கிடைக்கவில்லை? இதைக் கொஞ்சம் மாற்றி, சர்க்கரை நோயாளிகளின் கால்புண்ணுக்கு பெக்சிகனான் என்று ஒரு களிம்பு செய்தார்கள். ஏற்கெனவே உள்ள மாத்திரையைவிட மேல் என்று காட்ட முடியாமல் 1999இல் அமெரிக்காவில் அனுமதி கிடைக்கவில்லை. புண் ஆறாமல் விரலை எடுத்தவர்களைப் பார்த்தவன் என்பதால் எனக்கு அதில் இன்னும் வருத்தம் உண்டு.

அப்புறம் நம் மேற்குத் தொடர்ச்சி மலைக்கு வருவோம். திருவனந்தபுரம் ராஜீவ் காந்தி உயிரித்தொழில்நுட்ப மையமும் அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகமும் சேர்ந்து, கேரளத் தவளை ஒன்றின் சுரப்பை ஆராய்ந்தன. இலேசாக மின்சாரம் தொட்டால் தோலில் சுரப்பு ஊறும். தவளையைக் கொல்ல வேண்டியதில்லை. 32 பெப்டைடுகளைச் சோதித்ததில் 4 மட்டும் ஃப்ளூ வைரஸை அழித்தன. அந்த நாலில் மூன்று நம் செல்களுக்கும் நஞ்சு. மிஞ்சியது ஒன்றே ஒன்று! சிலம்ப ஆசான்கள் இடுப்பில் சுற்றிக்கொள்ளும் சுருள்வாளை மலையாளத்தில் உருமி என்பார்கள்; அதனால் அதற்கு ‘உருமின்’ என்று பெயர். 2017இல் வந்த அந்த ஆய்வில், சாகவேண்டிய எலிகளை அது எச்1 வகை ஃப்ளூவிலிருந்து காப்பாற்றியது. எச்3 வகையிடம் அது பலிக்கவில்லை. மனித உடம்புக்குள் போனால் நம் நொதிகள் இதுபோன்ற சங்கிலிகளைச் சீக்கிரமே நறுக்கிவிடும். நறுக்குப்படாமல் அதை நுரையீரல்வரை கொண்டுபோவதுதான் இனி செய்யவேண்டிய வேலை.